இடது முன்னங்கால்

குதிரை இடது முன்னங்காலைத் தூக்கியது. பதினோரு பேர் கைதட்டினார்கள்.

“பாத்தீங்களா? அக்செப்டன்ஸ்!” என்றார் கோச் சாலமோன். காதில் மாட்டி வாய் வரைக்கும் வளைந்திருந்த மைக்கை ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதே வார்த்தையை இன்னும் மெதுவாகச் சொன்னார். “அக்செப்டன்ஸ். மனசுல அழுக்கு இல்லாதவங்களுக்கு மட்டும்தான் ஜென் காலைத் தூக்கும்.”

குதிரைக்கு மூன்றடி முன்னால் நின்ற வங்கி மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. மனசில் அழுக்கில்லை என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. வீட்டில் வேறு மாதிரிதான் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்ன மனைவியே இப்போது அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டாத ஆள் ஒருத்திதான். கடைசி வரிசையில், வேப்பமர மூட்டில், புர்காவுக்குள் வியர்த்துக்கொண்டு நின்ற மைதீன் பாத்திமா. அவள் மூக்கைச் சுளித்து எதையோ மோந்துகொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகிற சாலையில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், முன்பு செங்கல் சூளை இருந்த இடத்தில் ‘குளம்பொலி மனநல மையம்’ ஆறு மாதமாக நடக்கிறது. சூளை மண் செருப்பில் ஒட்டுகிறது என்று வந்தவர்கள் சொன்னதால் முற்றம் முழுக்க நீல ஜல்லி கொட்டியிருந்தார்கள். சாலமோனுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டைதான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற, பிறகு அதே ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிற பொறுப்பில் பதினாலு வருஷம் இருந்தார். ஒரு நாள் அவரையே அனுப்பினார்கள். ஊருக்கு வந்து சேர்வதற்குள் குதிரை மூலம் மனிதர்களைக் குணப்படுத்தும் ஒன்பது நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்து சான்றிதழ் வாங்கிவிட்டார். ஒன்பது நாளில் ஐந்து நாள் ஆன்லைன். மீதி நாலில் ஒரு நாள் மழை.

குதிரை, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்த குதிரை. வெள்ளை என்று சொல்லலாம், குளிப்பாட்டிய அன்றைக்கு. அதைப் பதினோரு வருஷமாக வளர்த்த பாவாவையும் சேர்த்தே சாலமோன் கொண்டுவந்தார். அதற்கு ஜென் என்று பெயர் வைத்தார். பாவா ராக்கெட் என்றுதான் கூப்பிட்டார். குதிரையும் ராக்கெட்டுக்குத்தான் திரும்பியது.

மைதீன் பாத்திமாவுக்கு நாற்பத்தேழு வயது, மேலப்பாளையம். கொரோனா வருஷத்தில் அவள் கணவர் அலி அஸ்கர் சவூதியில், தம்மாமில் மௌத்தானார். அங்கேயே அடக்கினார்கள். கபன் துணி சுற்றிய ஏதோ ஒன்று நாற்பது விநாடி போனில் தெரிந்தது. அதன்பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் இத்தா இருந்தாள். நாலு மாசம் பத்து நாள் வெளியே போகாமல் உள்ளே இருந்து துக்கம் காக்கிற வழக்கம். முடிந்த அன்று கொழுந்தி வந்து, “வாங்க மச்சி, தெரு வரைக்கும் போயிட்டு வருவோம்” என்று கையை நீட்டினாள். பாத்திமா வாசலுக்கு வெளியே ஒரு காலை வைத்தாள். தெரு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நெஞ்சு அடிக்கிற சத்தம் நெஞ்சில் கேட்காமல் காதில் கேட்டது. காலை எடுத்து உள்ளே வைத்தவள்தான், அந்த இத்தா இன்னும் முடியவில்லை.

முதல் வருஷம் தெருவுக்கே அவள்மேல் மரியாதை. “எவ்வளவு பேணுதலான பொம்பளை! இத்தா முடிஞ்சும் வாசல்ல தலை காட்டலியே” என்று எதிர்வீட்டு ஜமீலா பீவி தன் மருமகளுக்கு அவளை உதாரணம் காட்டினாள். நோய்க்கு இப்படி நல்ல பெயர் கிடைத்தால் அது எதற்காகப் போகும்? இரண்டாம் வருஷம் பேச்சு நின்றது. மூன்றாம் வருஷம், ஏதோ காத்துக்கருப்பு அண்டியிருக்கிறது என்றார்கள், சொன்னதில் முதல் ஆள் ஜமீலா பீவி. பாத்திமாவுக்குப் பேணுதலும் வேண்டாம், அண்டலும் வேண்டாம். யார் கையையும் பிடிக்காமல், யார் பைக்கிலும் ஏறாமல், தன் காலால் தனியாகப் போய்த் திரும்ப வேண்டும். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

வைத்தியம் பார்த்ததெல்லாம் தம்பி அகமது மீரான். கடைவீதியில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறான். தண்ணீர் ஓதி வாங்கினான், தகடு கட்டினான். பிறகு ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாத்திமா தூங்கினாள். ஒரு மாசத்தில் மொட்டைமாடிக்கு ஏறி, பிறகு நடையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற அளவுக்கு வந்தாள். நாற்பதாவது நாள் அந்த டாக்டர் வாசல் வரிசையில் மீரானை யாரோ பார்த்துவிட்டார்கள். நாற்பத்தோராவது நாள் மாத்திரை நின்றது. “குடும்பத்துக்குப் பேராயிரும் லாத்தா” என்றான். குதிரையில் அந்தத் தொந்தரவு இல்லை. குதிரையிடம் போனால் யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை, வசதி என்றுதான் சொல்கிறார்கள். அவன் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவே வைத்தான். வாரத்துக்கு இரண்டு நாள் அக்காவைப் பைக்கில் ஏற்றி வாசலில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து எடுத்துப்போவான்.

இன்று, வங்கி மேலாளருக்கு அடுத்து அவளுடைய முறை. ஜல்லிமேல் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் மனிதர், அந்தப் பக்கம் குதிரை. தூணில் கட்டிய மண்சட்டியில் லாவெண்டர் புகைந்தது.

“உங்க வலியை ஜென்கிட்ட சொல்லுங்க மேடம்” என்றார் சாலமோன். “வாயால வேண்டாம். மனசால.”

பாத்திமா குதிரையைப் பார்த்தாள். குதிரை அவளைப் பார்க்கவில்லை. அது இடது முன்னங்காலின் நுனியை மட்டும் ஜல்லியில் ஊன்றி, உடனே எடுத்து, சற்றுநேரம் அந்தரத்தில் வைத்திருந்து, வேறு வழியில்லாமல் மறுபடி ஊன்றியது. பின்னால் கைதட்டல். லாவெண்டருக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. அந்த வாடையை அவளுக்குத் தெரியும். மாமியாருக்குச் சர்க்கரையில் கால் புண்ணானபோது பதினோரு வருஷம் அவள்தான் கழுவிக் கட்டினாள். மாமியும் இப்படித்தான், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை லேசாகத் தூக்கி நிற்பாள். கேட்டால் சும்மா நிற்கிறேன் என்பாள்.

“அதுக்குக் காலு நோவுது” என்றாள்.

“பியூட்டிஃபுல்” என்றார் சாலமோன். “யாருக்கு நோவுது மேடம்?”

“குதிரைக்கு.”

“குதிரைக்கா? நல்லா யோசிங்க. இல்ல, உங்களுக்கா?”

“எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு. அதுக்குத்தான் நோவுது. உள்ள சீ வச்சிருக்கு.”

சாலமோன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “இதைத்தான் நாங்க ப்ரொஜெக்‌ஷன்னு சொல்லுவோம். தன்னோட வலியைக் குதிரை மேல ஏத்துறாங்க. ஏத்தட்டும். ஜென் தாங்கும்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். வங்கி மேலாளர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பாத்திமா சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாள். ஜல்லியில் குந்தி உட்கார்ந்து, தூக்கிய காலின் குளம்பைக் கையால் சுற்றிப் பிடித்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டி மாதிரி கொதித்தது. வலது குளம்பைத் தொட்டாள், சில்லென்று இருந்தது. குதிரை மூச்சை நீளமாக விட்டுத் தன் தாடையை அவள் தலையில் வைத்தது. பாசமெல்லாம் இல்லை, பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்க ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

“மேடம், பவுண்டரி! பவுண்டரி!” என்றார் சாலமோன். சொன்னாரே தவிர, கோட்டைத் தாண்டி அவர் வரவில்லை. இந்த மனுசருக்குக் குதிரை என்றால் பயம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

நேரம் முடிந்து எல்லாரும் பின்னூட்டப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவள் கொட்டகைக்குப் போனாள். பாவா புல் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும்; ஊர்வலத்தில் ஆயிரம் மாப்பிள்ளைகளைத் தூக்கி ஏற்றிய தோள்.

“பாவா காக்கா, காலைத் தூக்குறதுக்கு நீங்கதான் பழக்குனீயளா?”

பாவா சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார். “பழக்குனேன் தங்கச்சி. ஆனா வலது காலு. மேளம் விழுந்தா வலதைத் தூக்கித் தூக்கி வைக்கும். எந்த ஊர்வலக் குதிரைக்கும் இடதைப் பழக்கவே மாட்டோம். மாப்பிள்ளை இடது பக்கந்தான் ஏறுவாரு. அந்தக் காலு தரையில ஊனி நிக்கணும்லா? இல்லேன்னா மாப்பிள்ளை மாமனாரு மடியிலல்லா போயி விழுவாரு.”

“இதை அவருட்ட சொன்னீயளா?”

“சொல்லாம? ‘பாவா, இது அதோட பரிணாம வளர்ச்சி’ங்காரு. அப்படின்னா என்ன தங்கச்சி?”

“தெரியல.”

“எனக்கும் தெரியல. ஒண்ணரை மாசமா நொண்டுது. மாட்டு டாக்டரைக் கூட்டிட்டு வருவோம்னேன். ஞாயித்துக்கிழமை விழா முடியட்டும்னுட்டாரு. கட்டுப்போட்ட காலோட போட்டோல எப்படி நிக்கும்னு கேக்காரு.” புல்லைக் குதிரையின் வாய்க்குக் கீழே தள்ளினார். “ஆஸ்பத்திரிக்கு நானே போகலாம். போனா இதை யாருட்ட விட? அவரு கிட்டயே வர மாட்டாரு. போன் பண்ணுனா, ஓனரு நேர்ல வந்து சீட்டுப் போடணும்னு சொல்லுதாவ.”

ஞாயிற்றுக்கிழமை ‘ஆயிரமாவது உள்ளம்’ விழா. மூன்று பள்ளிக்கூடங்களுக்கும் இரண்டு கல்யாண மண்டபங்களுக்கும் சொந்தக்காரரான கல்வி வள்ளல் பூதத்தான் அவர்கள் தலைமை. அவருடைய உள்ளம்தான் ஆயிரமாவது. இதற்காக ஆயிரத்து நாற்பது பேரைத் திரும்ப எண்ணித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதாக்கி வைத்திருந்தார்கள்.

அன்றிரவு சோறு போடும்போது தம்பியிடம் சொன்னாள். மீரான் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

“குதிரைக்கு வைத்தியம் பாக்கவா லாத்தா உன்னை அனுப்புனேன்? குதிரை உன்னைப் பாக்கணும். நீ குதிரையைப் பாக்கக் கூடாது.”

“நீ ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி—”

“எனக்குக் கடை கெடக்கு. பெரிய மனுசன் வாரான், நாம அதுல போயி மூக்கை நுழைக்கவா? பேசாம இரி.”

அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பதில் அவளுக்கு ஐந்து வருஷப் பழக்கம் உண்டு. ஆனால் அன்று அது வேறு மாதிரிப் பேசாமை. பாயில் படுத்துக்கொண்டு உள்ளங்கையை மோந்து பார்த்தாள். மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. பைக்கில் திரும்பி வரும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்திருந்தது: அந்தக் குளம்பைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கக் காதில் சத்தமே இல்லை.

சனிக்கிழமை மீரான் கடைக்குப் போனதும் புர்காவை மாட்டினாள். வீட்டைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். திரும்பவும் இழுத்துப் பார்த்தாள். ஐந்தாவது தடவை இழுக்கும்போது, இன்னொரு தடவை இழுத்தால் பூட்டைத் திறந்து உள்ளே போய்விடுவோம் என்று தெரிந்தது. திரும்பினாள்.

ஜமீலா பீவி எதிர்வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது. “எங்க மதினி, தனியா?”

“மாட்டு ஆஸ்பத்திரிக்கு.”

ஜமீலா பீவிக்கு வாய் திறந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் வாழ்க்கையில் இது அபூர்வம்.

தெரு சாய்ந்தது. சாயட்டும் என்று சுவர் ஓரமாகக் கையை வைத்துக்கொண்டு நடந்தாள். ஐந்து வருஷத்தில் சுவர்களெல்லாம் மாறியிருந்தன. பழைய காறைச் சுவரெல்லாம் டைல்ஸ் ஆகியிருந்தது, கை வழுக்கியது. காதில் சத்தம் ஏறியது. தெருமுனைக்கு வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு தூரம்தானே வேண்டும் என்று கேட்டோம், வந்தாச்சு, திரும்பலாமே என்று ஒரு நினைப்பு நல்லபிள்ளை மாதிரி பக்கத்தில் வந்து நின்றது. அதைப் பார்த்து முறைப்பதற்குள் பாளையங்கோட்டை பஸ் வந்துவிட்டது. ஏறினாள். பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட வேண்டும் என்று நினைத்தாள். இறங்கினால் அங்கிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டும், அதற்கு நிற்பதே தேவலை. அதற்கடுத்த நிறுத்தத்தில் மறுபடி கணக்குப் போட்டாள். தூரம் கூடிக்கொண்டே போனதால் விடை மாறவில்லை. யாரோ ஒரு பிள்ளை எழுந்து இடம் கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு, கொதிக்கிற சட்டி போன்ற அந்தக் குளம்பைக் கைக்குள் நினைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் நாலு ஆடு, ஒரு நாய், துணிப்பைக்குள் ஒரு சேவல். டாக்டர் தேவமணியம்மாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“என்ன கொண்டு வந்திருக்கீய? கோழியா?”

“குதிரை.”

டாக்டர் எட்டி வாசலைப் பார்த்தார். “எங்க?”

“சீவலப்பேரி ரோட்டுல நிக்கி. நடக்க முடியல. காலு சீப்பிடிச்சிருக்கு.” சொல்லும்போது மேசையைப் பிடித்திருந்த கை மேசையையும் சேர்த்து ஆட்டியது.

“உங்க கை ஏன் இப்படி ஆடுது? சுகரா?”

“இல்ல. வெளிய வந்தா இப்படித்தான். அஞ்சு வருசமாச்சு.”

“டாக்டர்ட்ட பாக்கலையா?”

“பாத்தேன். மாத்திரையில கொஞ்சம் கேட்டுது. தம்பி நிப்பாட்டிட்டான்.”

“தம்பி எந்தக் காலேஜ்ல படிச்சாரு?”

“ரெடிமேட் கடை வச்சிருக்கான்.”

“ஆங்.” டாக்டர் சீட்டை எடுத்தார். “நான் ஆட்டுக்கு மருந்து எழுதுதேன், ஆடு ஒரு நாளும் தம்பியைக் கேட்டுச் சாப்பிடுதேன்னு சொன்னதில்ல. போயி அந்த டாக்டரைத் திரும்பப் பாருங்க. சரி, ஓனர் பேரு?”

பாத்திமா யோசித்தாள். சாலமோன் பெயரைச் சொன்னால் சாலமோன் வர வேண்டும். பாவா பெயரைச் சொன்னால் பாவாவின் வேலை போகும்.

“மைதீன் பாத்திமா.”

“குதிரை உங்களுதா?”

“ஆமா” என்றாள். பல வருஷத்துக்குப் பிறகு சொல்லும் முழுப் பொய். வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

“இன்னைக்கு ஊருக்குள்ள தடுப்பூசி இருக்கு. நாளைக்கு ஆராதனை முடிஞ்சு பத்தரைக்கு வாரேன். அதுவரைக்கும் காஞ்ச தரையில நிக்கட்டும். காலைப் பிடிக்க ஒரு ஆளு வேணும். கத்தியைப் பாத்துட்டு ஓடுத ஆளு வேண்டாம்.”

“நான் பிடிப்பேன்.”

டாக்டர் ஆடுகிற கையை ஒருமுறை பார்த்தார். சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஞாயிறன்றும் அவள் பஸ்ஸில்தான் போனாள். முதல் நாளைவிட எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், அப்படியெல்லாம் இல்லை. பாளை பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாள். சீவலப்பேரி பஸ் ஒன்று போனது. அடுத்ததில் ஏறினாள்.

மையத்தில் ஷாமியானா, நாற்காலிகள், பேனர். பேனரில் குதிரையைவிடப் பூதத்தான் பெரிதாக இருந்தார். நெற்றிக்குச் சுட்டி கட்டிய ராக்கெட் ஜல்லியில் நின்றது. லாவெண்டர் இன்று நாலு சட்டி. ஆலிம், பாதிரியார், அர்ச்சகர் மூவரையும் அழைத்திருந்தார்கள். மூவருக்கும் வேறு வேலை இருந்தது. பூதத்தான் அரைமணி நேரம் பேசினார். மன அமைதிக்கு ஒரே வழி உழைப்பு என்றார். தான் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் தூங்குவதாகச் சொன்னார். அவர் பள்ளிக்கூட ஆசிரியர்கள் முதல் இரண்டு வரிசையில் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கினார்கள். பிறகு மாலையோடு இறங்கி வந்து, சுண்ணாம்புக் கோட்டில் நின்று, மனசைச் சுத்தமாக்கும் பாவனையில் கண்ணை மூடினார்.

“ஆயிரமாவது உள்ளம்!” என்றார் சாலமோன், குரல் உடைய.

குதிரை இடது முன்னங்காலைத் தூக்கியது. கைதட்டல் எழுந்தது. கேமராக்காரர் ஒரு முழங்காலில் அமர்ந்தார். அதற்குள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு கறுப்பு புர்கா கோட்டைத் தாண்டி நேராக வந்து, குந்தி உட்கார்ந்து, தூக்கிய காலைத் தூக்கியபடியே பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. பாவா ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தார். பின்னாலேயே, வெள்ளைச் சேலையில், ஒரு கையில் வேதாகமப் பையும் மறு கையில் கருவிப் பையுமாக டாக்டர் தேவமணி.

“யாரு நீங்க? விழா நடக்குது!” என்றார் சாலமோன். மைக் அவர் வாயருகே இருந்ததால் சீவலப்பேரி ரோடு முழுக்க அது கேட்டது.

“கால்நடை டாக்டர். ஓனர் கூப்பிட்டாவ.”

“ஓனர் நான்தான்!”

டாக்டர் சீட்டை எடுத்துக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். “இதுல மைதீன் பாத்திமான்னு போட்டிருக்கு. கவர்மெண்ட் சீட்டு தம்பி. உங்களுக்கு மாத்தணும்னா திங்கக்கிழமை வாங்க.” பிறகு குனிந்து குளம்பைத் திருப்பிப் பார்த்து, வளைந்த கத்தியை எடுத்தார். “இறுக்கிப் பிடிங்கம்மா.”

குதிரை உடம்பெல்லாம் உதறியது. அந்த உதறல் பாத்திமாவின் மடி வழியாக அவள் முதுகெலும்பில் ஏறியது. அவள் கை ஆடவில்லை என்றில்லை, ஆடிக்கொண்டேதான் பிடித்தாள். கத்தி குளம்பை ஓலை சீவுவதுபோலச் சீவியது. அடியில், ஒரு வெடிப்புக்குள், ஜல்லிச் சில்லு ஒன்று, சுண்டுவிரல் நகமளவு, கறுத்துப்போய்ப் புதைந்திருந்தது. அதை நெம்பியதும் கறுப்பாகச் சீழ் பீச்சியடித்து அவள் புர்காவில் வழிந்தது. நாலு சட்டி லாவெண்டரும் ஒரு நொடியில் தோற்றன. முதல் வரிசை எழுந்து இரண்டாம் வரிசைக்குப் போனது. பூதத்தான் மாலையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

ராக்கெட் நீளமாக ஒரு மூச்சு விட்டது. கடிவாளம் பாவாவின் கையில் தளர்ந்தது.

“ஒண்ணரை மாசமா இதோடதான் நின்னிருக்கு” என்றார் டாக்டர். “சுடுதண்ணி, உப்பு, ஒரு வாளி. யாராவது.”

யாரும் அசையவில்லை. சாலமோன் காதிலிருந்து மைக்கைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் முகம் சின்னதாக, தூக்கம் கெட்ட முகமாகத் தெரிந்தது. கொட்டகைக்குப் போய் வாளியோடு வந்தார். கோட்டருகே நின்றார். பிறகு காலைத் தூக்கி வைத்துத் தாண்டி, குதிரையின் மூச்சுப் படுகிற தூரத்தில், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, வாளியை இறக்கினார்.

“சூடு... போதுமா?”

“கையை விட்டுப் பாருங்க. உங்களுக்குப் பொறுத்தா அதுக்கும் பொறுக்கும்” என்றாள் பாத்திமா.

அவர் கையை விட்டுப் பார்த்தார்.

கழுவி, மருந்துப் பஞ்சை அடைத்து, துணி சுற்றி, ஊசி போட்டு முடித்தபோது ராக்கெட் கட்டுப்போட்ட காலை மெதுவாக இறக்கியது. ஊன்றிப் பார்த்தது. பாவா ஜல்லிமேல் விரித்திருந்த சாக்கில் நாலு காலும் தரையில் நின்றன. எல்லாரும் காத்திருந்தார்கள். கால் மேலே வரவில்லை.

“அப்ப இனிமே தூக்காதா?” என்றார் பூதத்தான். போட்டோ இன்னும் எடுக்கப்படவில்லை.

“மேளம் அடிச்சா வலதைத் தூக்கும் அண்ணாச்சி” என்றார் பாவா. “மனசு சுத்தமான்னெல்லாம் அது பாக்காது.”

முதல் இரண்டு வரிசையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆசிரியர்கள் உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

“பத்து நாளைக்கு தினமும் கட்டைப் பிரிச்சுக் கழுவிக் கட்டணும்” என்று டாக்டர் பையை மூடினார். “யாரு செய்வா?”

“நான் வருவேன்” என்றாள் பாத்திமா.

சாலமோன் பேனரைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், நனைந்த தன் கையைப் பார்த்தார். “மேடம், உங்களுக்கு இன்னும் ரெண்டு செஷன்தான் பாக்கி இருக்கு...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

“காலையில பத்து மணிக்கு” என்றாள் அவள். “இந்த ஜல்லியை அள்ளச் சொல்லுங்க.”

வாசலில் மீரான் பைக்கோடு நின்றான். ஜமீலா பீவியின் வாய் இதற்குள் சரியாகியிருந்தது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அக்காவின் புர்காவில் வழிந்திருந்ததைப் பார்த்தான். “ஏறு” என்றான்.

“நீ போ. நான் பஸ்ல வாரேன்.”

“நாறுது லாத்தா. பஸ்ல ஏத்த மாட்டான்.”

“ஏத்துவான்.”

“பேசாம ஏறு. வெயிலு.”

“மீரான், நாளைக்கு நான் வருவேன். நாளைக் கழிச்சும் வருவேன். அதுக்கடுத்து அந்த டாக்டரைப் போயிப் பாத்து மாத்திரை எழுதி வாங்குவேன். நீ கடையைப் பாரு.”

நிறுத்தம் அரை மைல். அவள் சாலை ஓரமாக நடக்கத் தொடங்கினாள். வலது பக்கம் வாழை, இடது பக்கம் வாய்க்கால். பிடித்துக்கொள்ளச் சுவர் எதுவும் இல்லை. இருபது எட்டு போனதும் சாலை சாய்ந்தது, காதில் சத்தம் தொடங்கியது. நின்றாள். பின்னால் பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அது அவளைத் தாண்டிப் போகவில்லை. பத்தடி பின்னால், முதல் கியரில், உறுமிக்கொண்டு நின்றது.

அவள் நடந்தாள். பைக் நகர்ந்தது. அவள் நின்றாள், அதுவும் நின்றது. பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்து, “ஏலே, வண்டியை எடுலே! என்ன, ஊர்வலமா போறிய?” என்று கத்தினான். மீரான் ஒரு காலைத் தரையில் ஊன்றி, போ போ என்று அவனுக்குக் கை காட்டினான். அவனால் வேகமாகவும் போக முடியவில்லை, விட்டுவிட்டும் போக முடியவில்லை. ஹாண்டில் பாரில் அக்காவுக்காகக் கொண்டுவந்த இரண்டாவது ஹெல்மெட் தொங்கி, ஒவ்வொரு அடிக்கும் டாங்கில் முட்டிக்கொண்டே வந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவுக்கு அப்பால் நிறுத்தத்தின் தகரக்கூரை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் மூன்று பெண்களும் ஓர் ஆடும் நின்றிருந்தார்கள். இன்னொரு ஆளுக்கு அங்கே இடம் இருந்தது.